டிராவலர் தேயும் வரை காத்திருப்பதில்லை: கொங்கு நாட்டு மென்பொருள் நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பகுதிகளில் மென்பொருள் நிறுவனம் நடத்திவரும் உரிமையாளர்களுக்கும், அந்நிறுவனங்களில் நிரலாளர் குழுக்களை வழிநடத்தும் பொறுப்பாளர்களுக்கும் என் வணக்கம்.

நான் 19 ஆண்டுகளாக ஜாவா மொழியில் நிரல் எழுதிப் பிழைப்பவள். நூற்பாலைகளுக்கும், பின்னலாடை ஏற்றுமதியாளர்களுக்கும், சாயப்பட்டறைகளுக்கும் தேவையான சம்பளம், இருப்பு, ஆர்டர், பில் ஆகியவற்றுக்கான மென்பொருள்களிலேயே என் பணிக்காலம் முழுதும் கழிந்திருக்கிறது. என் தந்தை சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில், பஞ்சை நூலாக முறுக்கும் ரிங் ஃபிரேம் இயந்திரப் பிரிவில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வேலையையும் என்னுடைய வேலையையும் நெடுநாள் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எழுந்த ஒரு கோரிக்கையை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். நிரலாளர்கள் தங்கள் மொழியிலும் கருவிகளிலும் நடக்கும் மாற்றங்களோடு ஒட்டி நிற்பதற்கான நேரத்தை, அவர்களுடைய வேலை நேரத்துக்குள்ளேயே, நிறுவனத்தின் செலவிலேயே, வாரந்தோறும் தவறாமல் ஒதுக்கித் தர வேண்டும் என்பதே அக்கோரிக்கை.

ரிங் ஃபிரேமில், பாபினைச் சுழற்றும் ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் சுற்றி ஒரு வளையம் உண்டு. அந்த வளையத்தின் மேல், விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு வளைந்த கம்பித் துண்டு ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு டிராவலர் என்று பெயர். நூல் அதன் வழியாகச் சென்றுதான் முறுக்கேறி பாபினில் சுற்றுகிறது. தேய்ந்த டிராவலர் உடனே நின்றுவிடாது. முதலில் நூலில் பிசிறு கூடும், பிறகு நூல் அடிக்கடி அறுபடும். என் தந்தை ஒரு நீள நோட்டில் எந்த ஃபிரேம், என்ன நம்பர் டிராவலர், எந்தத் தேதியில் மாற்றியது என்று கோடு போட்டு எழுதி வைத்திருப்பார். குறித்த நாள் வந்ததும், ஃபிரேம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் நிறுத்தி மாற்றிவிடுவார்கள். அந்த வேலையை ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனபின் சொந்த நேரத்தில் செய்துவிட்டு வா என்று எந்த மில் முதலாளியும் அவரிடம் சொன்னதில்லை. இங்குள்ள உரிமையாளர்களில் பலர் மில்களோடும் ஃபவுண்டரிகளோடும் மோட்டார் பட்டறைகளோடும் உறவுடைய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதால், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் மென்பொருள் என்று வந்ததும் இந்தப் பழக்கம் நம்மிடம் நின்றுபோகிறது. "ஓடீட்டிருக்கறதுல எதுக்கு அம்மிணி கை வெக்கோணும்?" என்ற கேள்வியை நான் பல அலுவலகங்களில் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஜாவா 1995இல் வெளிவந்த மொழி, முதிர்ந்து நிலைபெற்றுவிட்ட மொழி, எனவே ஒரு முறை கற்றால் போதும் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். பழைய நிரலை உடைக்காமல் காப்பதில் ஜாவா மிகவும் கவனமாக இருப்பதால் அந்த நம்பிக்கை வளர்வதும் இயல்புதான். ஒரு த்ரெட்டை, அதாவது நிரலுக்குள் மற்றவற்றோடு ஒரே நேரத்தில் தனியே ஓடும் ஒரு வேலைச் சரத்தை, பாதியில் நிறுத்தும் "ஸ்டாப்" என்ற செயல்முறையை இனிப் பயன்படுத்தாதீர்கள் என்று 1998ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே எச்சரித்தார்கள். அது உண்மையில் வேலை செய்யாமற்போனது 2023இல் வந்த ஜாவா 20இல்தான். கால் நூற்றாண்டு அவகாசம் தரும் மொழியில் அவசரம் ஏதும் இல்லை என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆயினும் அந்த அவகாசத்துக்குள் எத்தனையோ மாறிவிட்டன. 2017 செப்டம்பரில் ஜாவா 9 வெளியானது முதல், ஆண்டுதோறும் மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு புதிய பதிப்பு தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. அவற்றுள் 11, 17, 21, 25 ஆகியவை நீண்டகால ஆதரவு பெற்றவை, அதாவது பல ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் கிடைப்பவை. நம் ஊரில் பல வாடிக்கையாளர்களின் சர்வர்களில் இன்றும் ஓடுவது 2014இல் வந்த ஜாவா 8. சிலவற்றில் அதற்கும் முந்தையது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அப்போது நான் பணியாற்றிய நிறுவனம் திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதியாளருக்கு மென்பொருள் எழுதித் தந்திருந்தது. மாதக் கடைசியில், சரக்கு அனுப்பும் நெருக்கடியில், பேக்கிங் லிஸ்டில் எப்போதாவது ஒரு தேதி தவறாக அச்சாகும். ஓர் ஆர்டரின் தேதி வேறோர் ஆர்டரின் தாளில் இருக்கும்; ஒரு முறை நாங்கள் யாரும் உயிரோடிருக்கப் போகாத ஓர் ஆண்டு அச்சாகியிருந்தது. அலுவலகத்தில் நாங்கள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் சரியாகவே வந்தது. தட்டச்சு செய்யும் பெண்மீது பழி விழுந்தது. மூன்று மாதம் அந்தப் பிள்ளை ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, அதன் பிறகும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் கண்டுபிடித்தோம். தேதியை எழுத்தாக மாற்றும் "சிம்பிள்டேட்ஃபார்மேட்" என்ற பழைய பொருள் ஒன்றை, நினைவகம் மிச்சமாகும் என்று எண்ணி, நிரல் முழுவதற்கும் பொதுவாக ஒன்றே ஒன்றாக வைத்திருந்தோம். அது தன் உள்ளே ஒரு நாட்காட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் அதைத் திருத்தி எழுதிக்கொள்ளும் இயல்புடையது. இரண்டு மேசைகளிலிருந்து ஒரே கணத்தில் அச்சிட்டால் ஒருவருடைய தேதி மற்றவருடைய தாளுக்குப் போய்விடும். மாதக் கடைசியில் மட்டுமே அத்தனை பேர் ஒரே நேரத்தில் அச்சிட்டார்கள் என்பதால் பிழையும் அப்போது மட்டுமே தலைகாட்டியது.

இந்த எச்சரிக்கை அந்தப் பொருளின் ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்றாக, ஒரு முறை உருவாக்கினால் பிறகு மாறாத, எத்தனை த்ரெட்கள் பகிர்ந்துகொண்டாலும் குழம்பாத புதிய தேதி நூலகம் (ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் தொகுப்பு) ஜாவா 8இலேயே வந்துவிட்டது. எங்கள் சர்வரில் ஜாவா 8 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது! வாங்கிவந்த கருவியைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்துவிட்டு, கையால் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தோம். எங்கள் குழுவில் ஒருவருக்கும் அது தெரியாமற்போனதற்குச் சோம்பல் காரணமன்று. நாங்கள் அனைவரும் காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணி வரை வாடிக்கையாளர் கேட்ட திருத்தங்களை முடித்துக்கொண்டிருந்தோம். மொழியில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க ஒரு மணி நேரமும் எங்கள் அட்டவணையில் இருந்ததில்லை. அந்தப் பெண்ணிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அந்த மூன்று மாதங்களைத் திருப்பித் தர எங்களால் முடியவில்லை.

தமிழோடு தொடர்புடைய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொழிலாளர் பெயரைத் தமிழில் அச்சிட்டுச் சம்பளச் சீட்டு தர வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், கேட்பது முறையும்கூட. நிரலாளரின் கணினியில் ஒழுங்காகத் தெரியும் பெயர், மில் அலுவலகத்தின் விண்டோஸ் கணினியில் வரிசையாகக் கேள்விக்குறிகளாக அச்சாவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கோப்பை எந்த எழுத்துக் குறியாக்கத்தில் எழுதுவது என்று நிரலில் சொல்லாமல் விட்டால், பழைய ஜாவா அந்தந்தக் கணினியின் வழக்கத்தைப் பின்பற்றும் என்பதே காரணம். 2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 முதல் எல்லாக் கணினிகளிலும், தமிழ் எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்பதே இயல்பான குறியாக்கமாகிவிட்டது. இது தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. தெரியாத குழுக்கள் பெயர்களை ஆங்கிலத்துக்கே மாற்றிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தன் பெயரைத் தன் எழுத்தில் சம்பளச் சீட்டில் காணும் உரிமையை ஒரு தறிக்காரர் இழப்பதற்கு நம் அறியாமை காரணமாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

இவையெல்லாம் சிறு சிறு தேய்மானங்கள். நூல் மொத்தமாக அறுந்தது 2021 டிசம்பரில். ஏராளமான ஜாவா மென்பொருள்கள் தங்கள் நடவடிக்கைகளைக் குறித்துவைக்கப் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நூலகத்தில், வெளியிலிருந்து ஒருவர் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வரியொன்றை அனுப்பினாலே போதும், அதைக் குறித்துவைக்கும் சர்வர் வேறெங்கோ இருக்கும் நிரலை இழுத்து வந்து தன்னுள் ஓட்டிவிடும் என்ற ஓட்டை வெளியே தெரியவந்தது. தீவிரத்தைக் குறிக்கும் அளவுகோலில் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள். முதலில் வந்த திருத்தப் பதிப்பு 2.15.0, ஜாவா 8 இருந்தால்தான் ஓடும். எங்கள் வாடிக்கையாளர்கள் சிலரிடம் ஜாவா 7 இருந்தது. அதற்கான திருத்தம் சில நாள் கழித்தே வந்தது. இடைப்பட்ட நாட்களில் நாங்கள் ஒவ்வொரு சர்வராக உள்ளே போய், நூலகக் கோப்பைத் திறந்து, ஓட்டைக்குக் காரணமான அந்த ஒரு பகுதியைக் கையால் நீக்கிக்கொண்டிருந்தோம். எந்தச் சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற பட்டியலே எங்களிடம் இல்லாததால், பாதி நேரம் தேடுவதிலேயே போயிற்று. அன்றிரவு ஃபோனில் நான் இதைச் சொன்னபோது என் தந்தை கேட்டது ஒன்றுதான்: "நோட்டு வெக்கிலியா கண்ணு?"

மென்பொருளைப் பொறுத்தவரை தள்ளிப்போட்ட வேலை அப்படியே இருப்பதில்லை, வட்டியோடு வளர்கிறது. ஜாவாவில் மென்பொருள் எழுதப் பலரும் பயன்படுத்தும் சட்டகமான ஸ்பிரிங் பூட்டின் 3ஆம் பதிப்பு, 2022 நவம்பரில் வந்தது, குறைந்தது ஜாவா 17 வேண்டும் என்கிறது. கூடவே, பல்லாண்டுகளாக "ஜாவாஎக்ஸ்" என்று தொடங்கிய நூலகப் பெயர்கள் "ஜகார்த்தா" என்று மாறியிருக்கின்றன. ஜாவா 11இல், அதுவரை உடன் வந்துகொண்டிருந்த எக்ஸ்எம்எல் தொடர்பான சில பகுதிகள் நீக்கப்பட்டு, வேண்டுமென்றால் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டியவை ஆயின. படிப்படியாக ஏறியவர்களுக்கு இவை ஒவ்வொன்றும் ஓரிரு வார வேலை. எட்டிலிருந்து ஒரே தாவாக இருபத்தொன்றுக்குத் தாவ முயன்ற ஒரு குழுவுடன் நான் இருந்தேன். ஐந்து மாறுதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததில் எந்தப் பிழை எதனால் வந்தது என்றே பிரித்தறிய முடியாமல் திணறினோம். நிரலின் எந்தப் பகுதி எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் ஜேடெப்ஸ், கைவிடப்படவிருக்கும் அம்சங்களைப் பட்டியலிடும் ஜேடெப்ர்ஸ்கேன் ஆகிய இரண்டு கருவிகளும் ஜாவாவுடனேயே இலவசமாக வருகின்றன என்பதை அந்தத் திணறலின் நடுவில்தான் தெரிந்துகொண்டோம். பெயர் மாற்றங்களைப் பெரும்பாலும் தானே செய்து முடிக்கும் ஓபன்ரீரைட் என்ற திறமூலக் கருவியைப் பற்றி அதற்கும் பிறகே அறிந்தோம். நாங்கள் இரண்டு வாரம் கையால் செய்த வேலையில் பெரும்பகுதியை அது ஒரு மாலைக்குள் செய்து காட்டியது.

நிரலில் ஒரு வரியும் மாற்றாமல், பதிப்பை உயர்த்தினாலே கிடைக்கும் பயன்களும் உண்டு. ஒரு வரியில் ஏதோ ஒன்று வெறுமையாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி நின்றுவிடும் அந்தப் பழைய பிழைச் செய்தியை எண்ணிப் பாருங்கள். ஜாவா 15 முதல், அந்த வரியில் எந்தப் பெயருக்குரிய மதிப்பு வெறுமையாக இருந்தது என்பதையும் செய்தியே சொல்லிவிடுகிறது. முன்பு கட்டண உரிமம் தேவைப்பட்ட ஃபிளைட் ரெக்கார்டர் என்ற கருவி ஜாவா 11 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைப் பெரிதாக மெதுவாக்காமலேயே, நேரம் எங்கே வீணாகிறது என்று அது பதிவுசெய்து தருகிறது. மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்ற புகார் வந்ததும் புதிய சர்வர் வாங்கச் சொல்வதுதான் நம் வழக்கம். அதற்கு முன் அரை நாள் இந்தக் கருவியை ஓட்டிப் பார்த்தால், வாடிக்கையாளரின் பணம் எத்தனையோ இடங்களில் மிச்சமாகும்.

புதிதாக வரும் எல்லாவற்றையும் துரத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஜாவா 21இல் வந்த, மிகக் குறைந்த செலவில் ஏராளமாக உருவாக்கக்கூடிய மெய்நிகர் த்ரெட்களைப் பற்றி இளைஞர்கள் மிகுந்த ஆர்வத்தோடு பேசினார்கள். நாங்கள் அமர்ந்து படித்துப் பார்த்தோம். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே நுழையும்படி பழைய முறையில் பூட்டுப் போட்ட பகுதிகளுக்குள் அவை காத்திருக்க நேர்ந்தால், அடியிலிருக்கும் உண்மையான த்ரெட்டையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ளும் சிக்கல் அந்தப் பதிப்பில் இருந்தது. எங்கள் பழைய நிரல் முழுதும் அத்தகைய பூட்டுகள். தவிர, எங்கள் மென்பொருளுக்கு உண்மையான தடை தரவுத்தளத்தில் இருந்ததே ஒழிய த்ரெட்களின் எண்ணிக்கையில் இல்லை. எனவே காத்திருப்பது என்று முடிவு செய்தோம். 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24இல் அந்தச் சிக்கல் தீர்க்கப்பட்டது. வேண்டாம் என்று தீர்மானிப்பதற்கும் படிக்க வேண்டியிருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டுகிறேன். அவ்வாறே, கற்க வேண்டியவை எல்லாம் புதியவையும் அல்ல. கிலோ கணக்கையும் ரூபாய் கணக்கையும் தசமங்களைத் தோராயமாகவே வைத்திருக்கும் "டபுள்" என்ற எண் வகையில் வைத்துக்கொண்டு, ஆண்டு முடிவில் சில காசுகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கணக்குப்பிள்ளையோடு வாதிடும் நிரலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குரிய, தசமங்களைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் என்ற வகை மொழியின் தொடக்கக் காலத்திலிருந்தே இருக்கிறது. நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது எல்லா மேசைகளிலும் வந்துவிட்டன. அவை தருவது பழைய முறையா, இன்றைய முறையா, நம் சர்வரில் உள்ள பதிப்புக்குப் பொருந்துமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அந்த மேசையில் அமர்ந்திருக்கும் மனிதர்தான்.

இனி, என் கோரிக்கையில் வேலை நேரத்துக்குள் என்பதை ஏன் அத்தனை வலியுறுத்துகிறேன் என்று சொல்கிறேன். ஆர்வமுள்ளவர்கள் இரவில் வீட்டில் படித்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அன்னூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் காலை ஆறரை மணி பேருந்தைப் பிடித்து வரும் பெண்கள் என் குழுவில் இருக்கிறார்கள். வீடு திரும்பியதும் சமையல், பிள்ளைகளின் பாடம், மாமியாருக்கு மாத்திரை என்று அவர்களுக்கு இரண்டாவது ஷிப்டு தொடங்கிவிடுகிறது. என் மகள் பிறந்தபின் நான் வேலைக்குத் திரும்பிய இரண்டு ஆண்டுகளில், அலுவலகத்துக்கு வெளியே ஒரு பக்கமும் என்னால் படிக்க முடியவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் நான் பின்தங்கியதை, எனக்குத் திறமை குறைந்துவிட்டதாகவே என் மேலாளர் பதிவு செய்தார். கற்றலை வீட்டு நேரத்துக்குத் தள்ளும் நிறுவனம், இரவு நேரம் தன் கையில் இருப்பவர்களை மட்டுமே வளர்க்கிறது. நல்ல நிரலாளர்களான பல பெண்கள் பத்தாம் ஆண்டுக்குள் இத்தொழிலை விட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை அவர்கள் வாயாலேயே நான் கேட்டிருக்கிறேன்.

நான் கேட்பது பெரிய தொகை அன்று. வாரத்தில் ஒரு நாள், உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம், வாடிக்கையாளர் அழைப்புகளை ஒருவர் மட்டும் ஏற்க, மற்றவர்கள் சேர்ந்து படிக்கட்டும். ஜாவாவில் வரும் ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் எண்ணிட்ட ஒரு பொது ஆவணம் உண்டு. அதை ஜேஇபி என்கிறார்கள். மாற்றம் ஏன் தேவைப்பட்டது, வேறு என்ன வழிகள் எண்ணிப்பார்க்கப்பட்டன, எது உடையக்கூடும் என்பனவற்றை அது தெளிவாகச் சொல்லும். வாரம் ஒன்றை ஒருவர் படித்து வந்து தமிழில் விளக்கி, நம் நிரலில் அது எங்கே பொருந்தும் என்று திரையில் காட்டினால் போதும். ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டலில் வைத்து நடத்தும் ஒரு நாள் பயிற்சியையும் சான்றிதழ்களையும் நான் நம்புவதில்லை. தன் நிரலைத் திறந்து வைத்துக் கற்காத எதுவும் அடுத்த வாரம் வரை நிற்பதில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எழுதும்போது, பதிப்பு உயர்வுக்கென்று ஒரு தனி வரியும் தொகையும் சேர்த்துவிடுங்கள். ஆண்டுதோறும் ஸ்பேர் வாங்கிப் பழகிய மில் உரிமையாளர்கள் அந்த வரியைப் புரிந்துகொள்வார்கள். நான் பேசிப் பார்த்தவரையில் யாரும் மறுத்ததில்லை.

சிறு நிறுவனத்தால் தனியே இதைச் செய்ய இயலாது என்று நீங்கள் சொன்னால், அதையும் ஏற்கிறேன். ஆறு பேர் உள்ள அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் என்பது சிறிய இழப்பன்று. அதற்கும் இந்த ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. நூலுக்கு நூல், விலைக்கு விலை போட்டியிட்ட மில்கள், ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் பயிற்சிக்கும் பொதுவான ஓர் இடம் வேண்டும் என்று உணர்ந்ததன் பயனாக, 1956இல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் உருவானது. அதன் சுருக்கப் பெயரான சிட்ரா என்றால் எல்லோருக்கும் தெரியும். தன் ஆலையின் உற்பத்தித் திறன் மற்ற ஆலைகளோடு ஒப்பிட எங்கே நிற்கிறது என்று ஓர் ஆலை அங்கே அறிந்துகொள்ள முடிகிறது. அதனால் எவருடைய வியாபாரமும் கெட்டுவிடவில்லை. நாம் அத்தனை பெரிய கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. பத்து நிறுவனங்கள் சேர்ந்து, ஒவ்வொரு மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதிய பதிப்பு வந்த பிறகு ஒரு சனிக்கிழமை கூடி, யார் எதை உயர்த்தினார்கள், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தார்கள் என்று மறைக்காமல் பேசிக்கொண்டாலே, ஒவ்வொருவரும் தனித்தனியே அதே பிழையில் அதே இரண்டு வாரத்தைச் செலவழிப்பது நின்றுவிடும்.

லாக்4ஜே நாட்களுக்குப் பின் எங்கள் குழுவில் நாங்கள் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். கணினியில் இருக்கும் பட்டியல்தான் என்றாலும் அதை நோட்டு என்றே அழைக்கிறோம். எந்த வாடிக்கையாளர், எந்தச் சர்வர், ஜாவா எந்தப் பதிப்பு, எந்தெந்த நூலகங்கள், கடைசியாக எந்தத் தேதியில் யார் மாற்றியது, அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்பவை அதன் பத்திகள். வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு அதன் வடிவத்தைக் கேட்கும் எந்த நிறுவனத்துக்கும் தர என் நிறுவனத்தின் உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் பீளமேட்டில் உள்ள எங்கள் அலுவலகத்தின் மேல்மாடியைத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். முப்பது பேர் அமரலாம். அடுத்த பதிப்பு வெளியாகி மூன்றாவது வாரத்தில் கூடலாம் என்று எண்ணியிருக்கிறோம். உங்கள் குழுவிலிருந்து இருவரை, அன்றைய சம்பளத்தோடு, அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜாவா நிரலாளர்,
சிங்காநல்லூர், கோவை.